மின்விசிறி திரும்பிய பக்கம்

சின்னவள் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை என்பதைச் சின்னவளைத் தவிர அந்த வீட்டில் யாரும் நம்பவில்லை. கூடப் பிறந்த பெரியவளே நம்பவில்லை. வெளியாட்கள் நம்பாததை மென்று விழுங்கிவிடலாம். இது தொண்டையிலேயே நின்றது.

சின்னவளுக்கு ஆம்புலன்ஸ் கம்பெனியில் வேலை. கூப்பிடுகிறவர்களிடம் ஆள் யார், எங்கே, என்ன ஆச்சு என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வண்டியை அனுப்ப வேண்டும். போன வாரம் உச்சி வெயிலில் ஒரு பெண் கூப்பிட்டாள். அப்பா விழுந்துவிட்டார், வாய் கோணிக்கொண்டு போகிறது என்று அழுதாள். எந்தத் தெரு என்று கேட்டதற்கு அவள் வாயைத் திறந்த நேரத்தில் சின்னவளின் கம்ப்யூட்டர் அணைந்துபோயிற்று. பேச்சு வருவதும் அதன் வழியாகத்தான், கூப்பிட்டவளின் எண் இருப்பதும் அதற்குள்தான். அது மறுபடி கண் திறப்பதற்குள் அந்தப் பெண் எங்கெங்கோ கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் எவருடைய காரிலோ அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆள் பிழைத்துவிட்டார். ஒரு பக்கத்துக் கையும் காலும் பிழைக்கவில்லை.

கம்பெனி விசாரித்தது. விசாரித்தது என்றால், யார் தலையில் கட்டலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தது. பெரிய நாற்காலிகளில் இருப்பவர்களின் தலைகள் எட்டாத உயரத்தில் இருந்தன. சின்னவளின் தலை கைக்கு வாகாக இருந்தது. அழுகையைக் கேட்டுப் பயந்துபோய்த் தானே அணைத்திருப்பாள், இல்லையென்றால் கால் பட்டு வயர் பிடுங்கியிருக்கும் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். மிஷின் மேல் தப்புச் சொல்ல முடியாதாம். அது சோதனை போட்டு வந்த மிஷினாம்.

சோதனை போட்டது யார் என்றால், பெரியவள்.

கீழே கடை, மேலே வீடு. அலுவலகங்கள் கழித்துக் கட்டுகிற பழைய கம்ப்யூட்டர்களைப் பெரியவளின் புருஷன் மொத்தமாக வாங்கி வருவான். தூசி தட்டி, செத்த பாகத்தை மாற்றி, தேய்த்துத் துடைத்துப் புதுசு மாதிரி ஆக்கி விற்பான். வாங்குவதும் விற்பதும்தான் அவன். நடுவில் இருக்கிற அத்தனையும் பெரியவள்.

ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது என்பதாலேயே அது நல்ல கம்ப்யூட்டர் ஆகிவிடாது என்பது அவள் கட்சி. கல்யாணத்தன்று எல்லா மாப்பிள்ளையும் நல்லவன்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற அன்றைக்குத்தான் ஆள் யாரென்று தெரியும் என்பாள். புருஷன் பக்கத்தில் நின்றாலும் அதையேதான் சொல்லுவாள், அவனும் சிரிப்பான்.

பென்டிரைவைச் சொருகி ஆன் செய்தால் படமோ ஜன்னலோ இல்லாத வெறும் கறுப்புத் திரை வரும். அதில் ஒரே ஒரு வரி அடிப்பாள். உனக்குள் எத்தனை மூளை உண்டோ அத்தனையும் மூச்சு விடாமல் கணக்குப் போடட்டும், மெமரி முழுக்க எழுது, எழுதியதைப் படித்துப் பார், தப்பிருந்தால் சொல், நான் விதித்த நேரம் வரைக்கும் நிறுத்தாதே என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். இன்னொரு வரி அடித்தால் உள்ளே ஏறுகிற சூடு எண்ணாக ஓடும். கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருக்கிற குட்டி விசிறி அலற ஆரம்பிக்கும். பெஞ்சில் வரிசையாக நிற்கிற எல்லாம் சேர்ந்து அலறும்போது தெருவில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள்.

அலற விட்டுவிட்டு அவள் மாடி ஏறிச் சமைக்கப் போய்விடுவாள். சமைத்து, எல்லோருக்கும் போட்டு, பாத்திரம் கழுவிவிட்டு இறங்கினால் சோதனை முடிந்திருக்கும். பிழை எதுவும் இல்லை என்று திரை சொல்ல வேண்டும். ஏறிய உச்ச சூடு எல்லைக்குள் இருக்க வேண்டும். இருந்தால் பெட்டியின் பக்கத்து மூடியைத் திருகி முடுக்கி, மூலையில் பச்சை நகப்பூச்சால் ஒரு வட்டம் வைப்பாள். முதலில் ஸ்டிக்கர்தான் ஒட்டினாள். வெயிலில் அது உரிந்துகொண்டு வந்ததால் நகப்பூச்சுக்கு மாறினாள். கைநகத்தில் ஒரு நாளும் போட்டதில்லை. வாங்க வருகிறவர்கள் வேறு எதையும் கேட்கமாட்டார்கள், பச்சை வட்டம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள்.

வெயில் காலம் வந்தால் பாதிப் பெட்டிகள் அவள் சோதனையில் செத்து விழும். இந்த வெயிலுக்கு அப்படி விழவில்லை. பிராசஸர் என்கிற மூளைச்சில்லின் மேல் சூடு கடத்துகிற பசையை இந்த வருஷம் வேறு மாதிரி, மெல்லிசாக இழுத்துத் தடவப் பழகியிருந்தாள். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். புருஷனும் அப்படித்தான் சொன்னான்.

"உன் கை ராசிடி. உன் கை பட்டா செத்ததுகூட எழுந்து உக்காருது."

அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்தது உண்மை. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்படிக் குளிர்ந்த கையால் வட்டம் வைத்த பெட்டிகள்தான் ஆம்புலன்ஸ் கம்பெனிக்குப் போனவை. அதில் ஒன்றுதான் சின்னவளின் மேஜைக்கு அடியில் செத்தது. அந்த ஒன்று இப்போது திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

காலையில் சூப்பர்வைசர் கடைக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு மேலதிகாரிங்க உக்காருறாங்க. மிஷினை இன்னொரு தரம் ஓட்டிப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இத்தோட முடிச்சிடலாம்."

"சொல்லிடறோம் சார். எங்க டெஸ்டைத் தாண்டி நொள்ளை எதுவும் வெளிய போகாது," என்றான் புருஷன்.

முடித்துவிடலாம் என்றால் எதை முடிப்பது என்று அவனுக்குத் தெரியும். சின்னவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால் வேறு வேலை என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. விழுந்துபோனவரின் மகள் வழக்குப் போடப்போகிறாள், அதில் முதல் பெயராகச் சின்னவளின் பெயர் நிற்கும். உயிருக்குப் போராடுகிறவன் பேச்சை நடுவில் வெட்டியவள் என்று ஒரு தரம் எழுதிவிட்டால் அப்புறம் எவன் அவளை வேலைக்குச் சேர்ப்பான்.

சின்னவள் அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒரு வாரமாகத் தலை வாரிக்கொள்ளவில்லை.

"நான் தொடலைக்கா. கை ரெண்டும் கீபோர்டுல இருந்துச்சு. காலு நாற்காலிக் கம்பி மேல இருந்துச்சு."

"நீ வேணும்னு பண்ணினன்னு யாரு சொன்னா? பதட்டத்துல என்ன பண்றோம்னு நமக்கே தெரியாது," என்றாள் பெரியவள், திரும்பிப் பார்க்காமல்.

"பதட்டமா? எனக்கா? கத்திக்குத்து வாங்கினவன்கிட்டயே எழுத்துக்கூட்டிப் பேரு கேட்டு எழுதினவக்கா நானு. அழுதா எனக்குப் பதட்டம் வராது. அழுகை நின்னாத்தான் வரும்."

"அந்த மிஷினை நான் டெஸ்ட் பண்ணினேன்டி. இந்தக் கையால பண்ணினேன். உச்ச சூடே எண்பது டிகிரியைத் தாண்டலை. அது எப்படித் தானா அணையும்?"

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

இதற்குப் பெரியவள் பதில் சொல்லியிருக்க வேண்டும். இல்லைடி என்று ஒரு வார்த்தை போதும். அவள் பென்டிரைவைத் தேடிக்கொண்டிருந்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு தேடினாள்.

சின்னவள் படியில் தடதடவென்று ஏறிப்போனாள். மேலே கதவு அறைகிற சத்தம் கேட்டது.

"அவளைக் கொஞ்சம் விடும்மா. சின்னப் பொண்ணு," என்றார் மூலையில் இருந்த மாமனார்.

மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோனதால் மாடி ஏற முடியாது. அந்தச் சோதனை அறையிலேயே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஸ்டாண்டு மின்விசிறி, அதுதான் அவர் குடித்தனம். பெட்டிகள் ஓடும்போது அந்த அறை அடுப்படியை விடக் கொதிக்கும். மேலே வந்துவிடுங்கள், நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று பெரியவள் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. தூக்கிக்கொண்டு போகிற நாள் வரும்போது போகிறேன் என்று சிரிப்பார்.

பெரியவள் பெட்டியின் மூடியைக் கழற்றித் தூசி ஊதினாள். உள்ளே வெளிப்பார்வைக்குக் கோளாறு எதுவும் இல்லை. மூடியைத் திருகாமல் சும்மா பொருத்தி வைத்துவிட்டு, கறுப்புத் திரையில் அந்த வரியை அடித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிக்கிற மாதிரி அடித்தாள். எண் ஏற ஆரம்பித்தது, விசிறி அலற ஆரம்பித்தது. அவள் மேலே போனாள்.

அரிசியைக் களைகிறபோதே கோபம் கை வழியாக வழிந்தது. பாதி அரிசி தண்ணீரோடு போயிற்று. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கம்பெனி மேல், சூப்பர்வைசரின் வழவழப் பேச்சின் மேல், சொல்லிடறோம் சார் என்று குழைந்த புருஷன் மேல், எல்லோரையும் விடச் சின்னவள் மேல். ஆமாக்கா, பயத்தில் அணைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால் என்ன? கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அடுத்தது என்ன என்று பார்க்கலாம். ஒப்புக்கொள்ளாமல் நின்று, அக்காவின் வட்டத்தைப் பொய் என்கிறாளே.

முட்டையை வேகப் போட்டுவிட்டுப் போனைத் தேடினாள். கீழே பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். புருஷன் வர இன்னும் நேரம் இருந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு இறங்கினாள்.

பாதிப் படியிலேயே ஏதோ உறுத்தியது. அலறல் குறைவாக இருந்தது. பெட்டி செத்துவிட்டதோ என்று வேகமாக இறங்கினாள். சாகவில்லை, திரையில் எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் பக்கத்து மூடி கழன்று கீழே சுவரில் சாய்ந்திருந்தது. ஸ்டாண்டு மின்விசிறி பெஞ்சு ஓரம் வந்து, திறந்த பெட்டியின் வயிற்றுக்குள் முழு வேகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. மாமனார் நாற்காலியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனி வரை வந்து சொட்டியது.

"என்ன மாமா இது?"

"பாவம்மா. அலறுது. கேட்டுட்டு சும்மா உக்கார முடியல."

"மூடியை யாரு கழட்டினா?"

"நான்தான். மேட்டுல லோடு ஏத்துற வண்டி மாதிரி அலறுச்சு. வண்டி சூடாச்சுன்னா மூடியைத் திறந்து காத்து காட்டணும். அத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு இதுகூடத் தெரியாதா?" சொல்லிவிட்டு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "எல்லாம் முடிஞ்சதும் மறுபடி மூடி வச்சிடுவேன்மா. ஒண்ணையும் ஒடைக்கலை."

"எத்தனை நாளா மாமா?"

"வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து. வேற வேலை என்ன எனக்கு? நீ ஒத்தையாளா கிடந்து கஷ்டப்படுற. இது ஒண்ணாவது நம்மளால ஆகட்டுமேன்னு."

"எல்லா மிஷினுக்குமா?"

"ஒண்ணு மாத்தி ஒண்ணு காட்டுவேன். ரொம்ப அலறுறதுக்குக் கூட நேரம்."

அவள் பசையை மெல்லிசாகத் தடவியது, எண்பதைத் தாண்டாத உச்ச சூடு, கை ராசி, எல்லாம் அந்த அறையில் அவள் கண் முன்னால் விழுந்து உடைந்தன. உட்கார்ந்திருந்த அந்த மனுஷனைத் திட்ட வாய் வரவில்லை. தன் காற்றை எடுத்து ஒரு தகரப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு வேர்வையில் ஊறிக்கொண்டிருக்கிற ஆளை என்னவென்று திட்டுவது? திட்ட முடியாததால் கோபம் இரண்டு மடங்கானது.

"இது உங்க பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாமலா? ஒரு நா வந்து பாத்துட்டு சிரிச்சான். நல்லா காத்து காட்டுங்கப்பா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, உங்களைத் திட்டுவான்னான்." கிழவர் அட்டையை மடியில் வைத்தார். "ஏம்மா, தப்பாம்மா?"

"நீங்க பண்ணினது தப்பில்லை மாமா. உக்காருங்க."

மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். கறுப்புத் திரையில் ஓடியதை நிறுத்தினாள். பெட்டியைப் படுக்கப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். மூளைச்சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சுகிற அலுமினியக் கட்டியை அழுத்திப் பிடிக்கிற கொக்கிகளில் ஒன்று அடியோடு முறிந்திருந்தது. முறிந்த இடம் பழுப்பேறிப் போயிருந்தது. இன்று நேற்று முறிந்ததில்லை. சோதனை சோதனையாக நடந்திருந்தால் அன்றைக்கே செத்து விழுந்து, கழிவு மூட்டைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டி.

முட்டை தீய்கிற வாசனை கீழே வரைக்கும் வந்தது. அவள் அசையவில்லை. மேலே சின்னவள்தான் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

புருஷன் வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"முடிஞ்சிதா? சூப்பர்வைசர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு."

"உங்க அப்பா காத்து காட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான். விற்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

"ஒரு ஃபேனைத் திருப்பினாரு. அது ஒரு குத்தமா?"

"அவரு மேல குத்தமே இல்லை. உங்களைக் கேக்குறேன்."

"இங்க பாரு. நீ போடுற டெஸ்ட் அளவுக்கு உலகத்துல எவன் மிஷினை ஓட்டுறான்? ஆபீஸ்ல ராக்கெட்டா விடுறாங்க? நாலு எழுத்து அடிக்கிறாங்க, டீ குடிக்கிறாங்க. உன் டெஸ்டுக்கு விழுறதெல்லாம் வெளிய பத்து வருஷம் உழைக்கும். எத்தனை நல்ல மிஷினைக் கழிவுல போட்டிருப்ப, சொல்லு."

"அப்போ டெஸ்டே வேணாம்னு சொல்லியிருக்கணும். வட்டம் வைக்காதேன்னு சொல்லியிருக்கணும். என் வட்டத்தைக் காட்டித்தானே வித்தீங்க?"

"கத்தாதே. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும். கை ராசின்னு சொன்னீங்களே, அப்போ தெரியுமா தெரியாதா?"

அவன் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பெஞ்சில் வைத்தான்.

"சொல்லுங்க. என் மூஞ்சியைப் பாத்துக் கை ராசின்னு சொல்லும்போது, அது ஃபேனுன்னு தெரியுமா தெரியாதா?"

"நீ சந்தோஷமா இருந்த. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

பொய் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பரிசு மாதிரி எடுத்து நீட்டுகிறானே.

"அவ வேலை போகுது. கேஸ்ல பேரு வரப்போகுது. ஒரு வாரமா அவ நான் அணைக்கலை, நான் அணைக்கலைன்னு தலையில அடிச்சுக்கறா. நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்ன."

நீ என்று அவள் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாமனார் தலை நிமிர்ந்தார். அவனுக்கும் உறைத்தது.

"அதனாலதான் அணைஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கு சந்தேகம்கூட வரலையா?"

"வந்துச்சு," என்றான் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வந்தா என்ன பண்ணச் சொல்ற? பச்சை வட்டம் பொய்னு நானே போய்ச் சொல்லவா? அப்புறம் எவன் நம்ம கடைப் படி ஏறுவான்? அவளுக்கு இந்த வேலை இல்லன்னா இன்னொண்ணு. இல்லையா, நம்ம கடையிலயே உக்காரட்டும். நான் என்ன அவளைத் தெருவுலயா விடப்போறேன்?"

"உங்க கடையில நான் உக்காரமாட்டேன் அத்தான்."

சின்னவள் கடைசிப் படியில் நின்றாள். எப்போது இறங்கி வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

பெரியவள் பெட்டியை நிமிர்த்தி மூடியைப் போட்டாள். இந்தத் தரம் நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள்.

"அங்க மிஷினை எங்க வச்சிருப்பாங்க?"

"மேஜைக்கு அடியில மரப்பெட்டி. முன்னாடி கதவு இருக்கும்," என்றாள் சின்னவள்.

பெஞ்சுக்குக் கீழே சாமான் போடுகிற மர அலமாரி ஒன்று இருந்தது. பெரியவள் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டாள். வயர்ச் சுருள், பழைய மவுஸ்கள், கால் போன கீபோர்டு எல்லாம் தரையெங்கும் உருண்டன. பெட்டியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். திரையும் கீபோர்டும் மட்டும் மேலே. மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கி வயரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எல்லாரும் உக்காருங்க."

"சோறு..." என்று ஆரம்பித்தான் புருஷன்.

"உக்காரு."

உட்கார்ந்தான். அவள் அந்த வரியை அடித்தாள்.

வெளியே தார் ரோடு இளகிக் கிடந்த நேரம். அறையில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. அலமாரிக்குள் குட்டி விசிறி முதலில் முனகியது, அப்புறம் இரைந்தது, அப்புறம் அலறியது. மரக்கதவு அந்த அலறலில் நடுங்கியது. எண் எழுபதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போயிற்று. நான்கு பேரும் வேர்வையைத் துடைத்துக்கொள்ளாமல் திரையையே பார்த்தார்கள். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. அவர் கை தானாக ஸ்டாண்டு மின்விசிறியின் கழுத்துக்குப் போயிற்று.

"தொடாதீங்க மாமா."

"சாகப்போகுதும்மா."

"சாகட்டும்."

தொண்ணூறு வந்தது. அதையும் தாண்டியது. சின்னவள் பெஞ்சு பக்கம் வந்து, கீபோர்டில் கை வைக்கிற மாதிரிக் காற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்படி நிற்கிறாள் என்று பெரியவள் கேட்கப் போனாள். கேட்பதற்குள் திரை இருண்டுவிட்டது.

புகை வரவில்லை, வெடிக்கவில்லை. அலறல் பட்டென்று நின்று, தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"இப்படித்தான்க்கா," என்றாள் சின்னவள். காற்றில் இருந்த கைகளை இறக்கவில்லை. "சரியா இப்படித்தான். அந்தப் பொண்ணு தெருப் பேரு சொல்ல ஆரம்பிச்சா. முதல் எழுத்து கேட்டுச்சு. இன்னிக்கி வரைக்கும் அந்த எழுத்துல என்னென்ன தெரு இருக்குன்னு யோசிச்சிட்டே இருக்கேன்."

மாமனார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பெரியவள் போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், புருஷனும் கேட்கட்டும் என்று.

"ஆங், சொல்லுங்கம்மா. நல்லா இருக்குல்ல?"

"இல்லைங்க. மிஷின் கெட்டது. அதுல நான் போட்ட டெஸ்டும் கெட்டது. என் தங்கச்சி எதையும் அணைக்கலை."

"தங்கச்சிங்கிறதால சொல்றீங்கன்னு ஆயிடும்மா. அதையும் யோசிச்சிக்குங்க."

"யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு மிஷினைத் தூக்கிட்டு வரேன். உங்க மேலதிகாரிங்க முன்னாடி கதவைச் சாத்தி ஓட்டிக் காட்டறேன். எப்போ சாகுதுன்னு அவங்களே உக்காந்து பாக்கட்டும்."

"சரி, சரி. நாளைக்குப் பேசிக்கலாம். அவசரம் ஒண்ணும்..."

சின்னவள் அக்காவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நாளைக்குன்னா? சார், மத்த மிஷினெல்லாம் எங்க இருக்கு? அதே வட்டம் போட்ட மிஷின்ல இப்போ யாரோ ஒருத்தர் தெருப் பேரு சொல்லிட்டு இருக்காங்க. வெளிய எவ்வளவு வெயிலுன்னு பாத்தீங்களா?"

"நீ சஸ்பென்ஷன்ல இருக்கிற பொண்ணு. நீ எனக்கு..."

அவள் பேச்சை வெட்டிவிட்டாள். இந்தத் தரம் வேண்டுமென்றே வெட்டினாள். அடுத்த நொடியே தன்னோடு வேலை செய்கிறவளைக் கூப்பிட்டாள். குரல் மாறிவிட்டது. ஒரு வாரமாக அந்த வீட்டில் அழுத குரலில்லை, தினமும் காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசுகிற குரல்.

"நான்தான். கேளு, எழுதிக்க வேணாம், செய். மேஜைக்கு அடியில இருக்கிற மரக்கதவு எல்லாத்தையும் திற. பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டு. திருகாணி முடுக்கியிருக்கும், கத்தி இருந்தா கத்தியால எடு. ஒவ்வொண்ணா எடு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்திடாதே. ரூம்ல எத்தனை ஃபேன் இருக்கோ அத்தனையும் அதுமேல திருப்பு. ஆளுக்குக் காத்து வேணாம், வேர்த்தா வேர்க்கட்டும். முடிச்சிட்டுக் கூப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."

மாமனார் துண்டை விலக்கிப் பார்த்தார். இத்தனை நாள் இந்த அறையில் அவர் செய்ததைத்தான் அவள் அங்கே செய்யச் சொன்னாள்.

புருஷன் எழுந்தான். வண்டிச் சாவியை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"போய் எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடறேன்," என்றான் யாரையும் பார்க்காமல். "ஆனா அங்க கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் பெரியவள். மறுபடி நீங்க என்று வந்துவிட்டது, ஆனால் அது பழைய நீங்க இல்லை. வாடிக்கையாளரிடம் பேசுகிற நீங்க. "நானும் வரேன். நான் சொல்லிக்கறேன்."

அவன் வண்டியை எடுக்கப் போனான். போனில் அந்தப் பக்கம் கதவுகள் திறக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. சின்னவள் காதோடு வைத்துக்கொண்டு, சரி, அடுத்தது, சரி, அடுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் போனை இறக்கினாள். முடிந்துவிட்டது என்று தலையாட்டினாள்.

பெரியவள் அவள் தோளைத் தொடப் போனாள்.

"எனக்குத் தெரியாதுடி. ஃபேனு ஓடுதுன்னு எனக்குத் தெரியாது."

சின்னவள் ஓர் அடி தள்ளி நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஃபேனைத் தெரியாதுக்கா. என்னைத் தெரியும்ல? நான் வாயால சொன்னப்போ நம்பலை. அது செத்துக் காட்டினப்புறம் நம்புற."

அவள் படியேறிப் போய்விட்டாள். இந்தத் தரம் கதவு அறையவில்லை, மெதுவாகச் சாத்திக்கொண்டது.

பெரியவள் அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. பெட்டியை வெளியே இழுத்தாள், தகரம் கையைச் சுட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூலையில் இருந்த பச்சை வட்டத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். வெளியே புருஷன் ஹாரன் அடித்தான். அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பார்த்துப் பார்த்து வாங்கிய நல்ல நகப்பூச்சு. லேசில் வரவில்லை.